மலையின் உள்ளே எவ்வளவு தண்ணீர்?

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மழைக்காலத்துக்கென்றே ஓர் அறிவு உண்டு. ஊற்றுநீர் வந்து விழும் பீலியில் தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் திடீரெனச் செம்மண் நிறத்துக்கு மாறினால், நேற்றுவரை காய்ந்து கிடந்த மண்திட்டில் புதிதாக ஊற்றுக் கிளம்பினால், கோடையிலும் வற்றாத ஊற்று அடைமழையின் நடுவில் நின்றுபோனால், தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் சீமெந்துத் தரையில் மயிரிழை போல வெடிப்பு ஓடினால், கதவு நிலையோடு இறுகித் திறக்க மறுத்தால், அந்த இடத்தில் இரவு தங்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மண்சரிவு பற்றி இன்று வெளியிடப்படும் அரச அறிவுறுத்தல்களும் ஏறக்குறைய இதே அறிகுறிகளைத்தான் குறிப்பிடுகின்றன. தேயிலைத் தூர்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாக நடந்து பழகியவர்களின் கண்ணும், புவிச்சரிதவியலாளரின் கருவியும் தேடுவது ஒரே விடயத்தைத்தான்: மலையின் உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது எந்தப் பக்கமாகப் போகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய கண்டுபிடிப்புகள், ஒன்றோடொன்று தொடர்பில்லாத துறைகளிலிருந்து அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. விண்வெளியிலிருந்து வரும் துகள்களை ஆராய்ந்தவர்கள், நிலநடுக்கத்தால் தரை நகர்ந்த அளவைச் செய்மதியிலிருந்து அளக்க முயன்றவர்கள், தொலைத்தொடர்புக் கேபிளுக்குள் ஓடும் ஒளியைக் கவனித்தவர்கள், கணினிக்கு வானிலையைக் கற்பித்தவர்கள் ஆகிய எவரும் எங்கள் மலையூர்களான ஹட்டனையோ ஹப்புத்தளையையோ மனதில் வைத்து வேலை செய்யவில்லை. எதிர்காலத்தை மாற்றப்போகும் விஞ்ஞானம் என்றதும் குவாண்டம் கணினியும் அணுக்கரு இணைவும் செவ்வாய்ப் பயணமுமே முதலில் பேசப்படுகின்றன. அவற்றின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இத்தீவைத் தாக்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டு மாவட்டங்களில்தான் அந்த இழப்பு மிகுதியாக இருந்தது, அதில் பெரும்பங்கு மண்சரிவினுடையது. அதன் பிறகு, இங்கு வாழும் ஒருவர் விஞ்ஞானச் செய்தியை வாசிக்கும்போது முதலில் தேடவேண்டியது மண்ணையும் மழையையும் பற்றிய செய்தியைத்தான் என்று நான் நம்புகிறேன்.

மண்சரிவு ஏன் நிகழ்கிறது என்பதற்கான அடிப்படைக் கோட்பாடு நூறாண்டு பழையது. ஒஸ்திரியப் பொறியியலாளர் கார்ல் தெர்சாகி 1920களில் அதை வகுத்தார். சிறுவர்கள் ஈரமண்ணில் வீடு கட்டுவதைப் பார்த்திருப்போம். காய்ந்த மண் கையில் நிற்காமல் உதிர்ந்துவிடும். சிறிது தண்ணீர் தெளித்தால், மண்மணிகளுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும், சுவர் செங்குத்தாக நிற்கும். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் வீடு கரைந்து ஓடிவிடும். மலைச்சரிவிலும் இதுவே நடக்கிறது. மேலேயுள்ள மண்ணின் பாரம் கீழேயுள்ள மணிகளை அழுத்துவதால்தான் அவற்றுக்கிடையே உராய்வு உண்டாகிறது, அந்த உராய்வினால்தான் சரிவு நிற்கிறது. மணிகளுக்கிடையேயான துவாரங்கள் முழுவதும் நீரால் நிரம்பியதும், அந்த நீர் தன் அழுத்தத்தால் பாரத்தின் ஒரு பகுதியைத் தானே தாங்கிக்கொள்கிறது. அப்போது மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைந்து, உராய்வும் குறைகிறது. தண்ணீர் மண்ணை வழுக்கச் செய்கிறது என்று பொதுவாகச் சொல்வதைவிட, தண்ணீர் மண்ணை உள்ளிருந்து தூக்குகிறது என்று சொல்வதே கோட்பாட்டுக்குப் பொருத்தமானது. ஆகவே, ஒரு சரிவு எப்போது விழும் என்பதை அறியவேண்டுமானால் வானத்திலிருந்து எவ்வளவு மழை விழுந்தது என்பதை மட்டும் அளந்தால் போதாது. சரிவின் அடியில் நீரின் அழுத்தம் எவ்வளவு என்பதை அறிய வேண்டும்.

எங்கள் மலைகளில் இதற்குத் தனிப்பட்ட முக்கியத்துவம் உண்டு. மத்திய மலைநாட்டின் பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய உருமாறிய பாறைகள். வெப்பமும் ஈரமும் மிகுந்த காலநிலையில் அவை நெடுங்காலமாக உளுத்து, பல மீற்றர் தடிப்பான மண்போர்வையாக மாறியிருக்கின்றன. போதாததற்கு, பழங்காலச் சரிவுகளில் இறங்கி வந்த மண்ணும் கல்லும் சரிவுகளின் நடுப்பகுதிகளிலும் பள்ளங்களிலும் இறுகாமல் தங்கியிருக்கின்றன. இத்தகைய இடங்கள் ஓரளவு தட்டையாகவும் ஊற்றுநீர் உள்ளவையாகவும் இருப்பதால் வீடு கட்டுவதற்கு ஏற்றவை போலத் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடு அழிக்கப்பட்டது. 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பெருமரங்களின் ஆழ்ந்த வேர்கள் இருந்த மண்ணில் நீர் இறங்கும் வழிகளே மாறிப்போயின. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி மழைநீரை ஓரமாக வடித்துவிடும் வேலை தோட்டத் தொழிலில் எவ்வளவு பெரிய வேலை என்பது கான் வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். கான் தூர்ந்துபோன மலையில் அந்த நீர் முழுவதும் மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது.

இப்போது நடைமுறையில் உள்ள எச்சரிக்கை முறை மழைமானியை நம்பியிருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருத்தல், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறுதல் என்ற அளவுகோலை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்துகிறது. எளிமையானது, எவருக்கும் விளங்கக்கூடியது, உயிர்களைக் காத்த அளவுகோல் அது. இருந்தபோதிலும், பத்து நாள் தொடர்ந்து நனைந்த மலைக்கும் நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் மழையைக் காணும் மலைக்கும் ஒரே 100 மில்லிமீற்றர் ஒரே பொருளைத் தருவதில்லை. முன்னது ஏற்கெனவே நிரம்பிய குடம்.

மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு நீர் தங்கியிருக்கிறது என்பதை அளப்பதற்குக் கிடைத்துள்ள வழி, இக்கட்டுரையில் நான் சொல்லவிருப்பவற்றுள் மிகவும் வியப்பூட்டுவது. 1912 ஓகஸ்ட் 7ஆம் திகதி விக்டர் ஹெஸ் என்ற ஒஸ்திரியப் பௌதிகவியலாளர் பலூன் ஒன்றில் 5000 மீற்றருக்கும் மேலே ஏறி, உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சும் கூடுவதை அளந்தார். கதிர்வீச்சு மண்ணிலிருந்து வருவதாக எண்ணியிருந்த காலம் அது. அது வானத்துக்கு அப்பாலிருந்து வருகிறது என்று அவர் முடிவு செய்தார். அண்டக் கதிர்கள் என்று இன்று அழைக்கப்படும் இத்துகள்களுள் ஒரு பகுதி, வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களின் எச்சங்களில் வேகம் பெறுபவை என்பதற்கான நேரடிச் சான்றை, பெர்மி விண்தொலைநோக்கியின் அவதானங்களைக் கொண்டு 2013இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். இத்துகள்கள் வளிமண்டலத்தில் உள்ள அணுக்கருக்களோடு மோதும்போது நியூத்திரன்கள் சிதறி, மழைபோல நிலத்தில் விழுகின்றன. இந்த வரியை வாசிக்கும் நேரத்திலும் அவை உங்கள் கூரையினூடாக இறங்கிக்கொண்டிருக்கின்றன.

நிலத்தில் விழுந்த நியூத்திரனுக்கு என்ன நேர்கிறது என்பதில்தான் தண்ணீரின் கதை இருக்கிறது. போளையொன்றைப் பெருங்கல்லின்மீது உருட்டினால் அது வேகம் குறையாமல் திரும்பி வரும். தன்னளவேயுள்ள இன்னொரு போளையில் நேராகப் பட்டால், தன் வேகம் முழுவதையும் அதனிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மண்ணிலுள்ள சிலிக்கன், அலுமினியம் போன்றவற்றின் அணுக்கருக்கள் நியூத்திரனைவிடப் பலமடங்கு கனமானவை. ஆகவே அவற்றில் பட்ட நியூத்திரன்கள் சிதறி மீண்டும் காற்றுக்கு வருகின்றன. ஐதரசன் அணுக்கருவோ ஏறக்குறைய நியூத்திரனின் திணிவையே உடையது; ஐதரசன் மண்ணில் பெரும்பாலும் தண்ணீராகவே இருக்கிறது. எனவே, ஈரமண்ணில் விழுந்த நியூத்திரன்கள் விரைவாக வேகமிழந்து அடங்கிவிடுகின்றன. நிலத்துக்கு ஒன்றிரண்டு மீற்றர் உயரத்தில் ஒரு கருவியை நிறுத்தி, திரும்பிவரும் வேக நியூத்திரன்களை எண்ணினால் போதும்: எண்ணிக்கை குறைந்தால் மண் நனைந்திருக்கிறது, கூடினால் காய்ந்திருக்கிறது. அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் மாரெக் ஸ்ரேடாவும் அவரது குழுவினரும் 2008இல் வெளியிட்ட இம்முறை, மண்ணைத் தோண்டாமலே சுற்றிலும் நூறு மீற்றருக்கு மேற்பட்ட பரப்பின் சராசரி ஈரத்தை ஒரே கருவியால் சொல்லிவிடுகிறது. பிரித்தானியாவில் 2013 முதல் இத்தகைய நிலையங்களின் வலையமைப்பு இயங்குகிறது.

இதற்கு எல்லைகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. இம்முறை மேல்மண்ணின் சில பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தையே பார்க்கிறது. எங்கள் பெரும் சரிவுகள் பல மீற்றர் ஆழத்தில் அறுகின்றன. தேயிலை இலையிலும் தண்டிலும் உள்ள நீரும், பனிமூட்டத்தின் ஈரப்பதமும் கணக்கைக் குழப்பும், அவற்றைத் தனியே கழிக்க வேண்டும். புவியின் காந்தப்புலம் அண்டக் கதிர்களை மிகுதியாகத் தடுக்கும் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இலங்கை அமைந்திருப்பதால், ஐரோப்பாவில் கிடைக்கும் எண்ணிக்கையைவிட இங்குக் குறைவாகவே கிடைக்கும். நல்லவேளையாக, நுவரெலியாவைப் போல 1800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றின் தடை குறைந்து, எண்ணிக்கை ஓரளவு ஈடாகிவிடும். ஆழத்தில் உள்ள நீரின் அழுத்தத்தை அறிய, துளையிட்டு இறக்கும் அழுத்தமானியே இன்னமும் நம்பகமானது. ஆனால் குடத்தின் மேல்பாதி நிரம்பிவிட்டதா என்பதை ஒரு முழு மலைக்குச் சொல்லும் கருவி, வெறும் மழைமானியைவிட எவ்வளவோ மேலானது.

அடுத்தது வானத்திலிருந்து மலையின் அசைவைப் பார்ப்பது. பல சரிவுகள் திடீரென்று விழுவதில்லை; மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், மில்லிமீற்றர் மில்லிமீற்றராக ஊர்ந்த பிறகே விழுகின்றன. செய்மதி ஒரே இடத்தை இருமுறை ரேடார் அலையால் தொட்டு, திரும்பிவரும் அலைகளை ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் நிலம் எவ்வளவு நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். 1992இல் கலிபோர்னியாவில் ஏற்பட்ட லாண்டர்ஸ் நிலநடுக்கத்தின்போது நிலம் நகர்ந்த விதம் இம்முறையில் படமாக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வெளியானது. ஆனாலும் மலையகத்துக்கு அது முழுமையாகப் பயன்படவில்லை. காரணம் எளியது: ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதிகள் பயன்படுத்தும் அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்ரிமீற்றர், அவ்வலைகள் இலைகளில் பட்டே சிதறிவிடுகின்றன. கொழுந்து பறிக்கப்பட்டு, கவ்வாத்து வெட்டப்பட்டு, மீண்டும் தழைக்கும் தேயிலை மலையில், இன்றைய இலையும் பன்னிரண்டு நாளுக்கு முந்திய இலையும் ஒன்றல்ல. ஆகவே அந்த ஒப்பீடு குலைந்துபோகிறது.

2025 ஜூலை 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செய்மதி இக்குறையைப் பெருமளவு நீக்கக்கூடியது. நாசாவும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இணைந்து உருவாக்கிய இச்செய்மதி, இரண்டு அலைநீளங்களில் இயங்குகிறது. அவற்றுள் நீண்டது ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர். அவ்வலை இலைத்திரையை ஓரளவு ஊடுருவி, தடித்த கிளைகளையும் நிலத்தையும் தொட்டுத் திரும்புகிறது. முகிலும் இருளும் அதற்குத் தடையல்ல. 12 மீற்றர் விட்டமுள்ள வலைக்குடை போன்ற அதன் தெறிப்பி, புவியின் நிலப்பரப்பு ஏறக்குறைய முழுவதையும் 12 நாட்களுக்கு ஒரு முறை அளந்து முடிக்கிறது. அத்தரவுகள் எவரும் இலவசமாகப் பெறக்கூடியவை. பெரதெனியாவிலோ பதுளையிலோ படிக்கும் ஒரு மாணவி, தன் தோட்டத்து டிவிசனின் சரிவு கடந்த பருவமழையில் ஊர்ந்ததா என்பதைத் தன் கணினியிலேயே ஆராயலாம் என்ற நிலை, என் தலைமுறைக்குக் கற்பனையிலும் இருக்கவில்லை.

பன்னிரண்டு நாள் இடைவெளி ஊர்ந்து செல்லும் மலைகளைக் கண்டுபிடிக்கப் போதுமானது. இன்றிரவு விழுமா என்பதைச் சொல்லப் போதாது. அதற்கு மலையின் ஒலியைக் கேட்க வேண்டும். புவி ஒருபோதும் அமைதியாக இருப்பதில்லை. கடலலைகள் எழுப்பும் மிக மெல்லிய அதிர்வு தரையினூடாக மலைநாடு வரை வந்து சேர்கிறது. வாகனங்களும் ரயில்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன. முன்பு நிலநடுக்கவியலாளர்கள் இரைச்சலென்று ஒதுக்கிய இவ்வதிர்வுகளை இரண்டு கருவிகளில் தொடர்ந்து பதிவுசெய்து ஒப்பிட்டால், அவற்றுக்கிடையேயுள்ள மண்ணினூடாக அலை என்ன வேகத்தில் செல்கிறது என்பதைக் கணிக்கலாம் என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. உறுதியான மண்ணில் அலை விரைந்து செல்லும். நீரால் நெகிழ்ந்த மண்ணில் மெதுவாகும். சுவிட்சர்லாந்தின் பொன் பூர்கேன் என்ற களிமண் சரிவில், 2010 ஓகஸ்டில் மண்ணோட்டம் ஏற்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே அலையின் வேகம் ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்திருந்ததை, பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 2012இல் வெளியிட்டனர். மண்ணோட்டத்துக்கு முந்திய அந்த நாட்களிலேயே மண் தன் உறுதியை இழந்துகொண்டிருந்தது.

இவ்வாய்வோடு இன்னொரு கண்டுபிடிப்பு வந்து இணைகிறது. இணையத்துக்காகப் போடப்பட்ட ஒளியியல் கேபிளினுள் லேசர் துடிப்பு ஒன்றை அனுப்பினால், கண்ணாடி இழையில் உள்ள மிக நுண்ணிய சீரின்மைகளில் பட்டு அதன் ஒரு சிறு பகுதி திரும்பி வரும். கேபிளின் எந்தப் பகுதியேனும் இம்மியளவு இழுபட்டால் திரும்பிவரும் ஒளி மாறும். இந்த உத்தியால் ஒரே கேபிள் ஆயிரக்கணக்கான அதிர்வுமானிகளின் வரிசையாக மாறிவிடுகிறது. ஐஸ்லாந்தில் தொலைத்தொடர்புக்காகப் புதைக்கப்பட்டிருந்த 15 கிலோமீற்றர் கேபிளைக் கொண்டு நிலத்தடியின் அமைப்பையும் நடுக்கங்களையும் பதிவுசெய்தவர்கள் 2018இல் அதை வெளியிட்டனர். 1924இல் பதுளையை எட்டிய ரயில்பாதை, நாவலப்பிட்டியிலிருந்து வட்டவளை, ஹட்டன், நானுஓயா வழியாக எத்தனை சரிவுகளை வெட்டிக்கொண்டு செல்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அதன் ஓரத்தில் மண்ணுக்குள் பதிக்கப்படும் ஓர் ஒளியிழை, ரயில் எழுப்பும் அதிர்வையே ஒலிமூலமாகக் கொண்டு, ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் மண்ணின் உறுதியைத் தினமும் சோதிக்க முடியும். ரயிலின் அதிர்வைக் கொண்டு நிலத்தடியைக் கண்காணிக்கலாம் என்ற யோசனை ஏற்கெனவே ஆய்வுலகில் வைக்கப்பட்டு, முயன்று பார்க்கப்பட்டுவருகிறது. கம்பத்தில் தொங்கும் கேபிள் இதற்கு உதவாது, காற்றில் ஆடும் கேபிள் காற்றைத்தான் பதியும்; புதைப்பதற்கான செலவு சிறியதன்று. எனினும், வீதி திருத்தும்போதும் புதுக் கேபிள் போடும்போதும் ஒரு மேலதிக இழையைப் புதைத்து வைப்பது, பின்னர் தனியே தோண்டுவதைவிட மலிவு.

மேலே சொன்னவை நிலத்தைப் பற்றியவை. மழையைப் பற்றிய அறிவிலும் சில ஆண்டுகளுக்குள் பெருமாற்றம் நிகழ்ந்துள்ளது. காற்றின் அசைவையும் வெப்பத்தையும் விளக்கும் சமன்பாடுகளைக் கணக்கிட்டு வானிலையை முன்னறியலாம் என்று லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1922இல் எழுதினார். அதன்பின் நூறாண்டுகளாக முன்னறிவிப்பு என்பது அந்தச் சமன்பாடுகளைப் பெரிய, மேலும் பெரிய கணினிகளில் கணக்கிடுவதாகவே வளர்ந்தது. 2023இல் வெளியான பாங்கு-வெதர், கிராஃப்காஸ்ட் ஆகிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் அச்சமன்பாடுகளைக் கணக்கிடுவதேயில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகால வானிலைப் பதிவுகளிலிருந்து, இன்றைய நிலைக்குப் பிறகு எந்த நிலை வரும் என்பதைக் கற்றுக்கொண்டு, பத்து நாட்களுக்கான முன்னறிவிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகின்றன. பல அளவுகளில் பழைய முறையைவிடத் துல்லியமாகவும் தருகின்றன. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு நிலையம் 2025 பெப்ரவரியில் இத்தகைய தன் மாதிரியை அன்றாடச் சேவையில் சேர்த்துக்கொண்டது. பெருங்கணினி வாங்க வழியில்லாத நாடுகளும் தமக்கென முன்னறிவிப்பை உருவாக்கிக்கொள்ளலாம் என்பதே இதில் எங்களுக்குரிய நற்செய்தி.

ஆனால் இம்மாதிரிகள் உலகைப் பிரிக்கும் சதுரங்கள் கால் பாகை அளவினவை, அதாவது ஒரு பக்கம் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். அத்தகைய ஒரே சதுரத்துக்குள் ஹட்டனும் தலவாக்கலையும் நுவரெலியாவும் அடங்கிவிடலாம். வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அங்கிருந்து நேர்கோட்டில் முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தொலைவிலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 2000 மில்லிமீற்றர்தான். தென்மேல் பருவக்காற்றின்போது மேற்குச் சரிவுகள் நனைய, கிழக்கே ஊவாப் பக்கம் வறண்டு காற்று வீசும். ஆண்டின் இறுதியில் அது தலைகீழாகிறது. ஒரு மலைமுகட்டின் இருபுறமும் இருவேறு காலநிலை நிலவும் நாட்டில், சதுரத்துக்கு ஒரு சராசரி என்பது எவருடைய கூரையின்மீதும் பெய்யாத மழை. இன்னொரு கவலையும் உண்டு: கடந்தகாலத்திலிருந்து கற்றுக்கொண்ட மாதிரி, கடந்தகாலத்தில் இல்லாத மழையைக் குறைத்தே மதிப்பிடக்கூடும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதி. 2024 ஜூலை 30ஆம் திகதி கேரளத்தின் வயநாட்டில் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளையும் சேர்த்து அழித்த மண்சரிவுக்குக் காரணமான மழை, மனிதரால் ஏற்பட்ட காலநிலை மாற்றத்தால் ஏறத்தாழ 10 சதவீதம் கனத்திருந்தது என்று உலக வானிலைக் காரணி ஆய்வுக்குழு கணித்தது. பழைய அனுபவத்தை மட்டும் நம்பிய பெரியவர்களுக்கு வந்த இடர்ப்பாடே இப்போது கணினிக்கும் வந்திருக்கிறது.

கருவிகளைப் பற்றி இவ்வளவு நம்பிக்கையோடு எழுதிய பின், மீரியபெத்தையைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. அவ்விடம் ஆபத்தானது என்பது முன்பே தெரிந்திருந்தது. 2005இலும் 2011இலும் மக்களை இடம்பெயர்க்குமாறு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. நியூத்திரன் கருவியோ நிசாரோ இல்லாமலே, மனிதர் நடந்து பார்த்துச் சொன்ன எச்சரிக்கை அது. சரிவு இடம்பெயரச் சொன்னாலும், லயத்தில் இருப்பவருக்கு இடம்பெயர்வதற்குச் சொந்தக் காணி இல்லை. அவர் வாழும் அறை தோட்டத்தினுடையது, அடுத்த மலையும் தோட்டத்தினுடையது. தோட்டத் தொழிலாளருக்கு 7 பேர்ச், 10 பேர்ச் (பேர்ச் என்பது ஒரு சிறு நில அளவு) என்று பேசப்படும் காணியுரிமையை அரசியல் கோரிக்கையாக மட்டுமே பார்ப்பவர்கள், அது மண்சரிவு விஞ்ஞானத்தின் இறுதிப் பகுதியும் ஆகும் என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியேறு என்ற அறிவிப்பு நள்ளிரவில் வருமானால், அது தமிழிலும் அதே நிமிடத்தில் வரவேண்டும். எந்தப் பாடசாலைக்கு, எந்தப் பாதையால் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பாடசாலையும் அந்தப் பாதையும் இன்னொரு சரிவின் அடியில் இல்லை என்பதை எவரேனும் வெயில் காலத்திலேயே அளந்து வைத்திருக்க வேண்டும். நிசாரின் தரவும் நியூத்திரன் எண்ணிக்கையும் அந்த அளவீட்டுக்கு இப்போதே பயன்படக்கூடியவை. அறுநூறு லயங்களுள் எந்த முப்பதை முதலில் மாற்றவேண்டும் என்ற கேள்வி எழும்போது, யாருக்குச் செல்வாக்கு உண்டு என்பதை விட்டு, எந்த மலை ஊர்கிறது என்பதைக் கொண்டு விடை சொல்ல அவை வழிசெய்யும்.

செயற்கை நுண்ணறிவு மாதிரியின் 28 கிலோமீற்றர்ச் சதுரத்தை ஒரு மலைமுகட்டின் அளவுக்குச் சுருக்கும் முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. அதற்குத் தேவைப்படுவது, ஒவ்வொரு மலையிலும் நெடுங்காலம் தொடர்ந்து எடுக்கப்பட்ட மழை அளவு. அத்தகைய பதிவு எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் ஆபீஸுக்கோ ஸ்டோருக்கோ அருகில் செப்பு நிறத்தில் ஒரு மழைமானி நிற்கும். காலையில் அதைத் திறந்து, அளந்து, பேரேட்டில் எழுதும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்திலிருந்து வருகிறது. சிறுவயதில் அந்த நீரை அளக்கும் கண்ணாடிக் குழாயை எட்டி நின்று பார்த்திருக்கிறேன். அது எதற்கென்று அப்போது எவரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தப் பேரேடுகளில் பல, ஈரமும் கறையானும் தின்ன, அலுமாரிகளின் அடித்தட்டில் கிடக்கின்றன. பிரித்தானியாவில் 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில், ரீடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹோக்கின்ஸ் முன்னின்று நடத்திய முயற்சியில், ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீட்டிலிருந்தபடியே பழைய மழைத்தாள்களைப் பார்த்து, ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளைக் கணினியில் ஏற்றினர். பெரும்பகுதி வேலை மூன்று வாரங்களுக்குள் முடிந்தது. தோட்டத்துப் பேரேட்டின் ஒரு பக்கத்தைக் கைபேசியால் படமெடுக்க ஒரு நிமிடம் போதும். ஒரு பக்கத்தில் ஒரு மாதத்து மழை இருக்கும். ஓரத்தில், மழை மிகுந்த நாட்களுக்கு எதிரே, எந்த நம்பர் மலையில் மண் இறங்கியது என்று சிலவேளை ஒரு கிளாக்கர் எழுதி வைத்திருப்பார்.